இட்லிக் கடைக்கு முதல் போடுவது யார்?

விடியற்காலை நாலு மணி.

சேத்தியாத்தோப்பு நாற்சந்தி இன்னும் முழுதாகக் கண் விழிக்கவில்லை. சிதம்பரத்திலிருந்து விருத்தாசலம் போகும் சாலையும், வடலூரிலிருந்து கும்பகோணம் போகும் சாலையும் இந்த ஊரில்தான் ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு போகின்றன. லாரிகள் வரும். பஸ்கள் வரும். நெய்வேலிச் சுரங்கத்தில் காலை ஷிப்டுக்குப் போகிறவர்கள் மோட்டார் சைக்கிளில் வருவார்கள். அரவைக் காலமானால் எம்.ஆர்.கே. கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிய வண்டிகள் வரிசையாக வந்து நிற்கும்.

இத்தனை பேருக்கும் பசிக்கும்!

இந்த மாதிரி ஒரு சாலையோரத்தில், கீற்றுக் கொட்டகையில் இட்லிக் கடை நடத்தும் ஓர் அம்மாளை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். நெய்வேலியைச் சுற்றியுள்ள எந்த ஊரிலும் இப்படி ஒருவரைப் பார்க்கலாம். இரவே மாவு ஆட்டி வைத்துவிடுகிறார். நாலு மணிக்கு அடுப்பு. ஐந்தரைக்கு முதல் ஈடு இட்லி. பத்து மணிக்குப் பாத்திரம் கழுவியாகிவிடும்.

பதினொரு மணிக்கு இன்னொருவர் வருவார். அவர் இட்லி சாப்பிட வருகிறவர் அல்ல. கையில் ஒரு சிறிய அட்டை, சட்டைப் பையில் ஒரு பேனா. அம்மாள் நூறு ரூபாய்த் தாள் ஒன்றை எடுத்து நீட்டுவார். அவர் அட்டையில் ஒரு கோடு கிழித்துவிட்டுப் போய்விடுவார்.

அவர்தான் தண்டல்காரர்.

பதினைந்து ரூபாய்தானே!

தண்டல் என்றால் என்ன? தெரியாதவர்களுக்காக ஒரு கணக்கு.

பத்தாயிரம் ரூபாய் தண்டல் என்று பேச்சு. ஆனால் கையில் கிடைப்பது 8,500 ரூபாய்தான். 1,500 ரூபாயை முதலிலேயே பிடித்துக்கொண்டு விடுவார்கள். பிறகு நாளைக்கு 100 ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். தொகையும் பிடித்தமும் ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும். முறை இதுதான்.

நூறு நாளைக்கு 1,500 ரூபாய் வட்டி. நாளைக்குப் பதினைந்து ரூபாய். ஒரு டீயின் விலை! இது ஒரு பெரிய தொகையா என்று தோன்றும்.

அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது.

அந்த அம்மாளிடம் 8,500 ரூபாய் நூறு நாளும் தங்கி இருக்கவில்லை. முதல் நாளிலிருந்தே கரைந்துகொண்டு வருகிறது. ஐம்பதாம் நாள் பாதிதான் அவர் கையில். தொண்ணூறாம் நாள் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. கரைந்துபோகும் பணத்துக்கும் சேர்த்துத்தான் வட்டி கொடுத்திருக்கிறார். இதை வருஷக் கணக்காக மாற்றினால் நூற்றுக்கு நூறையும் தாண்டிவிடும்.

நூறாவது நாள் அட்டை முடிகிறது. அன்றைக்கே கடைக்கு உளுந்து வாங்கப் பணம் இராது. மறுபடியும் தண்டல். மறுபடியும் அட்டை. பத்து மாதத்தில் மூன்று அட்டை ஆகிவிடும். வட்டி மட்டும் 4,500 ரூபாய்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழை பிடித்துக்கொள்ளும். கடலூர்ப் பக்கத்து மழை எப்படி என்று ஊருக்கே தெரியும். வெள்ளாற்றில் தண்ணீர் இரு கரையும் தொட்டு ஓடும். சாலையில் ஆள் நடமாட்டம் இராது. மாவு புளித்துப்போகும். அன்றைக்கும் நூறு ரூபாய் கொடுத்தாக வேண்டும்!

தண்டல்காரர் பக்கத்து நியாயம்

இவ்வளவும் தெரிந்தும் அந்த அம்மாள் ஏன் தண்டல்காரரிடம் போகிறார்?

அவர் போகவில்லை. தண்டல்காரர்தான் வீடு தேடி வருகிறார். சொத்துப் பத்திரம் கேட்பதில்லை. ஜாமீன்தாரர் கேட்பதில்லை. நாளைக்கு வா என்று சொல்வதில்லை. கேட்ட அன்றைக்கே பணம் கிடைக்கிறது. கடையை மூடிவிட்டு ஒரு நாள் முழுதும் ஒரு ஆபீஸ் வாசலில் காத்திருந்தால், அந்த நாள் வியாபாரம் போய்விடுமே! இந்த ஒரு விஷயத்தில் தண்டல்காரரின் கெட்டிக்காரத்தனத்தை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அளவு மீறிய வட்டி வாங்குவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டு கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. சட்டம் வட்டிக்காரரைத் தண்டிக்கலாம். உளுந்து வாங்கப் பணம் கொடுக்க அதனால் முடியாது. வேறு ஒருவர் முதல் கொடுத்தால்தான் அம்மாள் தண்டலை விட முடியும்.

அந்த வேறு ஒருவர் யார்?

சென்னையில் 800 பெண்கள்

இதே கேள்வி சென்னையில் 1970-ஆம் ஆண்டுகளில் எழுந்தது. காய்கறி விற்கிறவர்கள், பூக் கட்டி விற்கிறவர்கள், மீன் கூடை சுமக்கிறவர்கள் என்று குடிசைப் பகுதிகளில் வியாபாரம் செய்து பிழைத்த பெண்கள் ஏராளம். அவர்களும் தினக் கடன்காரர்களிடம்தான் சிக்கிக் கிடந்தார்கள்.

ஜெயா அருணாசலம் என்ற அம்மையார் அரசியல் கட்சியில் பணி செய்துகொண்டிருந்தவர். வெள்ள நிவாரண வேலைக்காகக் குடிசைப் பகுதிகளுக்குப் போனார். அங்கே பெண்களோடு உட்கார்ந்து பேசியபோது ஒன்று விளங்கியது. நிவாரணம் இரண்டு நாளில் தீர்ந்துவிடும். வியாபாரம் செய்ய நியாயமான வட்டிக்குக் கடன் கிடைப்பதுதான் அவர்களுக்குப் பெரிய தேவை.

1978-இல் உழைக்கும் மகளிர் சங்கத்தை அவர் தொடங்கினார். ஆரம்பத்தில் 800 பெண்கள் சேர்ந்தார்கள். தெருவுக்குத் தெரு சிறு குழு. குழுவுக்கு ஒரு தலைவி. ஒருவர் வாங்கும் கடனுக்கு மற்றவர்கள் பொறுப்பு. ஏழைகளுக்கு நூற்றுக்கு நாலு வட்டியில் கடன் கொடுக்கும் திட்டம் ஒன்று தேசிய வங்கிகளில் அப்போது இருந்தது. திட்டம் இருந்தது, ஆனால் கூடை சுமக்கும் பெண் வங்கிப் படி ஏற முடியாமல் இருந்தது! சங்கம் அவர்களைக் கூட்டமாக அழைத்துக்கொண்டு போய்ப் படி ஏற்றியது.

கொடுத்த கடன் திரும்பி வந்தது. வங்கிகளுக்கே ஆச்சரியம்.

ஆனாலும் சின்னச் சின்னக் கடன்களுக்கு வங்கிகளில் தாமதம் ஆயிற்று. ஆகவே 1981-இல் பெண்கள் தங்களுக்கென்றே ஒரு கூட்டுறவுச் சங்கம் வைத்துக்கொண்டார்கள். ஜெயா அருணாசலத்துக்கு 1987-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2019-இல் காலமானார்.

ஒரே இரவில் கற்ற கையெழுத்து

சென்னைக்கு முன்னால் ஆமதாபாத் நகரம் ஒரு வேடிக்கையைப் பார்த்திருந்தது.

குஜராத்தில் ஈலா பட் என்ற அம்மையார் 1972-இல் ‘சேவா’ என்ற பெண் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார். பழைய துணி விற்கிறவர்கள், கைவண்டி இழுக்கிறவர்கள், காய்கறிக்காரிகள் அதில் இருந்தார்கள். எந்த வங்கியும் எங்களை மதிக்கவில்லையே, நமக்கு நாமே ஒரு வங்கி வைத்துக்கொண்டால் என்ன என்று அவர்கள் யோசித்தார்கள். ஆளுக்குப் பத்து ரூபாய் பங்கு. நாலாயிரம் பெண்கள் பணம் போட்டார்கள்.

வங்கியைப் பதிவு செய்யப் போனபோது தகராறு வந்தது. கையெழுத்துப் போடத் தெரியாத பெண்கள் எப்படி வங்கி நடத்துவார்கள் என்று அதிகாரிகள் சந்தேகப்பட்டார்கள்.

அந்தப் பெண்கள் அழுதுகொண்டு வீட்டுக்குப் போகவில்லை. இரவெல்லாம் உட்கார்ந்து எழுதிப் பழகினார்கள். அதுவரை பேனாவைத் தொடாத விரல்கள்! மறுநாள் போய்த் தடுமாறாமல் கையெழுத்துப் போட்டார்கள். 1974-இல் சேவா வங்கி பிறந்தது.

எழுத்து கற்கும் வரை வாடிக்கையாளர்கள் காத்திருக்க வேண்டியதில்லை என்று அந்த வங்கி இன்னொரு வழியும் செய்தது. கணக்கு எண்ணைப் பலகையில் எழுதி, அதைக் கையில் பிடித்தபடி ஒவ்வொரு பெண்ணையும் போட்டோ எடுத்தார்கள். கையெழுத்துக்குப் பதில் முகமே அடையாளம். இன்றைக்கு எல்லா வங்கிப் புத்தகத்திலும் போட்டோ இருக்கிறது. அன்றைக்கு அது புதுமை.

தென்னாற்காடு ஜில்லாவுக்கு வந்தது

இனி நம் ஊர்ப் பக்கம் வரலாம்.

தமிழ்நாடு அரசு 1983-இல் மகளிர் மேம்பாட்டு நிறுவனத்தை ஏற்படுத்தியது. 1989-இல் தர்மபுரி மாவட்டத்தில், ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த விவசாய நிதி நிறுவனத்தின் உதவியுடன், பெண்கள் சுயஉதவிக் குழுக்கள் தொடங்கின. அடுத்து எந்த மாவட்டங்களுக்குப் போனது தெரியுமா? 1991-92-இல் சேலத்துக்கும் தென்னாற்காட்டுக்கும்! சேத்தியாத்தோப்பு அப்போது தென்னாற்காடு மாவட்டத்தில்தான் இருந்தது. 1993-இல்தான் அது கடலூர், விழுப்புரம் என்று இரண்டாகப் பிரிந்தது.

ஆக, தமிழ்நாட்டில் இந்த முயற்சி கால் வைத்த முதல் சில மாவட்டங்களில் இதுவும் ஒன்று.

1992-இல் நபார்டு வங்கி நாடு முழுதும் 500 குழுக்களை வங்கிகளோடு சேர்த்துப் பரீட்சை பார்க்கலாம் என்று தொடங்கியது. இன்று நாட்டில் வங்கிக் கணக்கு வைத்திருக்கும் குழுக்கள் ஒரு கோடிக்கு மேல்!

குழு எப்படி நடக்கிறது?

ஒரே தெருவில், ஒருவரை ஒருவர் அறிந்த பெண்கள் பன்னிரண்டு பேர் முதல் இருபது பேர் வரை சேருகிறார்கள். ஊக்குநர் ஒருவர், பிரதிநிதிகள் இருவர். வாரம் ஒரு கூட்டம். ஆளுக்கு ஒரே அளவு சேமிப்பு. யார் வந்தார்கள், யார் எவ்வளவு கொடுத்தார்கள், யாருக்குக் கடன், எல்லாம் நோட்டில் ஏறும். சேர்ந்த பணத்தைத் தங்களுக்குள்ளேயே கடனாகக் கொடுத்து வாங்குவார்கள். ஆறு மாதம் இப்படி ஒழுங்காக நடந்தால், வங்கி அந்த நோட்டைப் பார்த்துக் குழுவுக்குக் கடன் கொடுக்கும்.

சொத்துப் பத்திரம் வேண்டாம். அந்த நோட்டுதான் பத்திரம்!

நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி என்று வைத்துக்கொண்டு அதே இட்லிக் கடைக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கடன் 10,000 ரூபாய். கையிலும் முழுப் பத்தாயிரம். மாதம் ஆயிரம் வீதம் பத்து மாதத்தில் அடைக்கிறார். முதல் மாத வட்டி 100 ரூபாய். அடுத்த மாதம் 90. அதற்கடுத்து 80. இப்படிக் குறைந்துகொண்டே போய்ப் பத்து மாதத்துக்கும் சேர்த்து 550 ரூபாய்.

அங்கே 4,500. இங்கே 550.

தண்டலுக்கு நாளைக்கு 100 ரூபாய் எடுத்து வைக்க வேண்டும். குழுவுக்கு நாளைக்கு 40 ரூபாய்கூட ஆகாது. மிச்சமாகும் காசில் இன்னும் இரண்டு படி அரிசி போடலாம். வடையும் சேர்த்துப் போடலாம். கடை வளர்வது இந்தச் சின்ன இடைவெளியில்தான்.

பெயர் அவளுடையது, பணம் யாருடையது?

குழு என்றால் எல்லாம் சுகம் என்று நினைத்துவிடக் கூடாது.

கடன் மனைவி பெயரில் வரும். செலவு கணவன் கையில் நடக்கும். மோட்டார் சைக்கிள் வாங்கவோ, மச்சினன் கல்யாணத்துக்கோ பணம் போய்விடும். கடை அப்படியே நிற்கும். தவணை மட்டும் அந்த அம்மாள் தலையில்! வீட்டில் ஆண்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டிய இடம் இது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. குழுக்கள் ஒழுங்காகக் கடன் கட்டுவதைப் பார்த்து, லாபத்துக்காகச் சிறு கடன் கொடுக்கும் நிதி நிறுவனங்கள் பல கிளம்பின. அவற்றில் ஒன்றில் வாங்கி இன்னொன்றில் கட்டி, மூன்றாவதில் வாங்கி இரண்டாவதில் கட்டுகிற நிலைக்குப் பெண்கள் வந்தார்கள். ஆந்திரத்தில் 2010-இல் கடன் தொல்லையால் தற்கொலைகள் நடந்து, அரசு அவசரச் சட்டமே போட வேண்டியதாயிற்று. தமிழ்நாட்டிலும் 2025-இல், கடன் வசூலுக்காக மிரட்டுவதையும் வற்புறுத்துவதையும் தடுக்க ஒரு சட்டம் வந்தது.

வாசலில் வந்து நாலு பேர் நின்று சத்தம் போட்டால் மானம் போய்விடும் என்று பயந்து, தாலியை அடகு வைக்கிற பெண்கள் உண்டு. இனி பயப்பட வேண்டியதில்லை. போலீசில் சொல்லலாம்.

வியாபாரத்துக்கு என்று வாங்கினால் வியாபாரத்தில் போட வேண்டும். எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் வாங்க வேண்டும். தருகிறார்களே என்று வாங்குவது தண்டலைவிட மோசம்.

கட்டிலும் அடுப்பும்

சரி, முதல் கிடைத்துவிட்டது. அதோடு முடிந்ததா? சரக்கு செய்ய வேண்டும். மழைக்கும் தாங்க வேண்டும். வாங்க ஆள் வேண்டும்.

மும்பை கிர்காமில் 1959-ஆம் ஆண்டு மார்ச் 15-ந் தேதி ஏழு பெண்கள் மொட்டை மாடியில் அப்பளம் இட உட்கார்ந்தார்கள். ஜஸ்வந்தி பென் போபட் அவர்களில் ஒருவர். கடனாக வாங்கிய முதல் 80 ரூபாய். அன்றைக்குச் செய்தது நாலே நாலு பாக்கெட். தெரிந்த வியாபாரி ஒருவரிடம் கொடுத்தார்கள்.

நன்கொடை வாங்குவதில்லை என்று தீர்மானம். நஷ்டம் வந்தாலும் கை ஏந்துவதில்லை!

மழைக்காலம் வந்தது. மும்பை மழையைக் கேட்க வேண்டுமா? அப்பளம் காயவில்லை. முதல் வருஷம் நாலு மாதம் வேலையே நின்றுபோயிற்று. வேறு யாராவது இருந்தால் அதோடு மூட்டை கட்டியிருப்பார்கள். மறு வருஷம் அந்தப் பெண்கள் ஒரு கட்டில் வாங்கினார்கள். ஓர் அடுப்பு வாங்கினார்கள். கட்டிலின் மேல் அப்பளம், கட்டிலின் கீழ் அடுப்பு! வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்க, உள்ளே அப்பளம் காய்ந்தது.

இதற்கு எந்த இன்ஜினீயரும் வரவில்லை.

அதுதான் இன்று நாடெங்கும் விற்கும் லிஜ்ஜத் அப்பளம். காலையில் பிசைந்த மாவை வாங்கிக்கொண்டு போய், வீட்டில் இட்டுக் காயவைத்துக் கொண்டுவந்து கொடுத்துக் கூலி வாங்குகிறார்கள். வேலை செய்கிற பெண்களே சொந்தக்காரர்கள். ஏழு பேர் பல ஆயிரமாகப் பெருகிவிட்டார்கள். 2021-இல் ஜஸ்வந்தி பென்னுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

கடலூர் மாவட்டத்தில் அப்பளம், வடகம், வத்தல் போடுகிற பெண்களுக்கும் ஐப்பசி மழைதான் எதிரி. கட்டிலும் அடுப்பும் இங்கேயும் எட்டாத பொருள்கள் அல்ல.

பாக்கி என்னும் வியாதி

சிறு கடையைக் கொல்வது வட்டி மட்டும் அல்ல. பாக்கி!

பெரிய ஓட்டலுக்குப் போனால் சாப்பிட்டவுடன் பணத்தை எண்ணி வைக்கிறவர்கள், தெரு முனை இட்லிக் கடையில் ‘அப்புறம் தருகிறேன் அக்கா’ என்று கையைத் துடைத்துக்கொண்டு போகிறார்கள். தையல்காரப் பெண்ணிடம் ரவிக்கையை வாங்கிக்கொண்டு கூலியை அடுத்த மாதம் தள்ளுகிறார்கள். தெரிந்தவள்தானே, கேட்கமாட்டாள் என்ற தைரியம். அவள் கேட்கமாட்டாள்தான். ஆனால் அந்த நாற்பது ரூபாய் வராததால் அன்று தண்டல்காரருக்கு அவள் பதில் சொல்ல வேண்டும். அக்கம் பக்கத்தார் பெண்களின் கடைக்குச் செய்யக்கூடிய பெரிய உதவிக்கு அரசு உத்தரவு எதுவும் வேண்டாம். அன்றைய காசை அன்றே கொடுத்தால் போதும்.

சாலையோரத்தில் கடை போடுகிறவர்களுக்கென்று வங்கிக் கடனும் உண்டு. ஸ்வநிதி என்று 2020-இல் கொரோனா காலத்தில் மத்திய அரசு தொடங்கிய திட்டம் அது. முதல் தவணைக் கடன் 10,000 ரூபாயாக இருந்தது. 2025-இல் 15,000 ஆயிற்று. ஒழுங்காகக் கட்டினால் வட்டியில் நூற்றுக்கு ஏழு வீதம் அரசே திருப்பிக் கொடுக்கும். கட்டி முடித்தவர்களுக்கு அடுத்த முறை அதிகத் தொகை. இதை விசாரிக்கப் பேரூராட்சி அலுவலகத்துக்கோ வங்கிக்கோ போகலாம்.

வீட்டில் ஊறுகாய் போடுகிறவர்களும் தையல் தைக்கிறவர்களும் தங்கள் தொழிலை ‘உத்யம்’ என்ற பெயரில் பதிவு செய்துகொள்ளலாம். 2020 ஜூலை முதல் இந்த ஏற்பாடு இருக்கிறது. பதிவுக்குக் கட்டணம் கிடையாது. யாராவது கட்டணம் என்று சொல்லிப் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

குழுவில் சேர விரும்புகிறவர்கள் கிராமமானால் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் மகளிர் திட்ட ஊழியர்களைக் கேட்கலாம். ஆதார் அட்டை, ரேஷன் கார்டு, இரண்டு போட்டோ கையில் இருக்கட்டும். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். சேர்ந்த அன்றைக்கே வங்கிக் கடன் கிடைக்காது. ஆறு மாதம் சேமிப்பு நடக்க வேண்டும். ஐப்பசி மழைக்குத் தண்டல்காரர் தயவு வேண்டாம் என்றால், சித்திரையிலேயே குழுவில் உட்கார்ந்துவிட வேண்டும்.